ஏழு வயதுப் பையன், உண்டியலில் மூவாயிரம் ரூபாய்: அவன் இஷ்டப்படி செலவு செய்ய விடலாமா?

பீளமேடு அம்மா:

வணக்கம். எங்கள் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், ஏழு வயது முடிந்துவிட்டது. தீபாவளிக்குத் தாத்தா பாட்டி கொடுத்தது, பிறந்தநாளுக்கு மாமா கொடுத்தது, பொங்கலுக்குப் பொள்ளாச்சி போயிருந்தபோது பெரியவர்கள் காலில் விழுந்து வாங்கியது, அப்புறம் காய்கறிக் கடையில் மிஞ்சும் சில்லறை என்று எல்லாம் சேர்ந்து அவனுடைய தகர உண்டியலில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் அவனும் தாம்பாளத்தில் கொட்டி எண்ணுவார்கள். ஒரு ரூபாய்க் காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, நோட்டுகளை விரித்து நீவிவிட்டு, மொத்தத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மறுபடியும் உள்ளேயே போட்டுவிடுவான்.

இப்போது அவனுக்கு ரிமோட் கார் வேண்டுமாம். 1,899 ரூபாய். கடையில் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. "என் காசுதானே, நான் வாங்கிக்கிறேன்" என்கிறான். வீட்டுக்காரர், அவன் காசு அவன் இஷ்டம், வாங்கட்டும் என்கிறார். என் மாமியார், அவ்வளவு காசைப் பொம்மையில் போடுவதா, பேங்கில் போட்டு வையுங்கள் என்கிறார். என் நாத்தனாரோ இந்த வயதில் காசு என்ற பேச்சே குழந்தை காதில் விழக்கூடாது என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உண்டியலைத் தவிர வேறு எங்கேயும் அவன் காசை அதிகம் பார்ப்பதில்லை. பால், மளிகை, ஆட்டோ, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஃபோனை நீட்டுகிறோம். போன வாரம் அவன் அப்பாவிடம் ஏதோ கேட்டு, அவர் இந்த மாதம் பணம் இல்லை கண்ணு என்றதும், "அப்ப ஸ்கேன் பண்ணுங்கப்பா" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு யோசனையாகவே இருக்கிறது. வாரா வாரம் கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்துப் பழக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு, துணி மடித்தால் இவ்வளவு, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் இவ்வளவு என்று கொடுக்கலாமா? அவசரத்துக்கு ஆட்டோவுக்குச் சில்லறை வேண்டும் என்று வீட்டில் யாராவது அந்த உண்டியலைத் திறந்து எடுப்பதும் நடக்கிறது, அதற்கு அவன் போடும் சண்டையை நியாயம் என்பதா பிடிவாதம் என்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர், காரைக்குடி:

தங்கச்சி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பிடிவாதம் இல்லை, நூற்றுக்கு நூறு நியாயம். நம் வீடுகளில் பிள்ளைகள் கைக்கு வரும் காசை "குடு, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்குவோம், அது அந்த மாத மளிகையில் போய்விடும், பிள்ளையும் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிடும். அப்படி வளர்ந்த பிள்ளை கையில் காசு கிடைத்தால் உடனே தீர்த்துவிடத்தான் பார்க்கும், வைத்திருந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அதற்குத் தெரியும். நீங்கள் அவனுக்குச் சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தரும் முன்பே, உண்டியலில் அவனைக் கேட்காமல் யாரும் கை வைக்கக்கூடாது, தாத்தாவே ஆனாலும் கூடாது என்பதை வீட்டில் முடிவு செய்யுங்கள். அவசரம் என்றால் அவனிடம் கேளுங்கள். தேதியும் தொகையும் எழுதி கையெழுத்துப் போட்ட சீட்டை உண்டியலுக்குள் போடுங்கள், சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். அவன் கொடுக்க மாட்டேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

காரை வாங்கட்டும். ஆனால் இன்றைக்கே வேண்டாம். தினசரி காலண்டரில் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியைக் காட்டி, அதில் அவனையே கார் படம் வரையச் சொல்லுங்கள். தினமும் தாளைக் கிழித்துக்கொண்டே அந்த நாள் வரும்போதும் கார்தான் வேண்டும் என்றால் கூட்டிப் போங்கள். நடுவில் மறந்துபோனாலோ வேறு ஒன்றின்மேல் ஆசை வந்தாலோ, அப்போது நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போகுமுன் அவன் எழுதும் அந்தத் துண்டுச் சீட்டிலேயே, கையில் இருப்பது இவ்வளவு, கார் போனால் மிச்சம் இவ்வளவு என்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார் பேட்டரியில் ஓடுவதா சார்ஜ் போடுவதா, பேட்டரி என்றால் அது தீர்ந்தால் யார் காசு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கல்லாவில் அவனே நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும், நீங்கள் ஃபோனில் கட்டிவிட்டு வீட்டில் வந்து உண்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வாங்கிய கார் இரண்டே நாளில் உடைந்தாலும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற பேச்சு வேண்டாம், இன்னொன்று வாங்கித் தரவும் வேண்டாம்.

ஃபோன் விஷயம் நான் வகுப்பிலேயே பார்த்தது. ஐம்பதில் முப்பத்திரண்டு போனால் எவ்வளவு என்று கரும்பலகையில் போட்டால் கடன் வாங்கிக் கழித்துச் சரியாகப் பதினெட்டு என்று எழுதும் பிள்ளை, கையில் நிஜமாக ஐம்பது ரூபாயைக் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கி வா என்றால் மிச்சம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று தெரியாமல் கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தத் திணறல் இருக்காது. பழைய கடைக்காரர்கள் சில்லறை கொடுக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இருபது ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் அவர்கள் கழித்துப் பார்க்க மாட்டார்கள். "பன்னிரண்டு" என்று சாமானைக் கையில் கொடுத்து, மூன்று ரூபாயை வைத்துப் "பதினைந்து" என்பார்கள், ஓர் ஐந்து ரூபாயை வைத்து "இருபது" என்பார்கள். அவ்வளவுதான், கணக்கு நேர். இதைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் உங்கள் பையன் பத்துத் தடவை பார்த்தால் போதும், பாடப்புத்தகம் செய்யாததை அது செய்துவிடும். அதனால் வாரத்தில் ஒரு சாமானாவது அவன் கையால் ரொக்கம் கொடுத்து வாங்கும்படி வையுங்கள். கொத்தமல்லிக் கட்டு, தீப்பெட்டி, எதுவானாலும் சரி. அவன் எண்ணும்போது பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், அதற்காக நீங்கள் குறுக்கே புகுந்து எண்ணிவிடாதீர்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புங்கள்.

வாரக் காசு எவ்வளவு என்றால், வயதுக்கு இவ்வளவு என்று கணக்கு ஏதும் கிடையாது. உங்கள் தெருக் கடையில் அவன் வாங்க ஆசைப்படுவது என்ன விலை என்று பாருங்கள். கடலை மிட்டாய், தேன் மிட்டாய், ஒரு பென்சில், இதில் இரண்டை வாங்க முடிந்து மூன்றாவதை வாங்க முடியாத தொகையாக இருந்தால் போதும். இருபதோ முப்பதோ. எல்லாம் வாங்க முடிந்தால் தேர்வு செய்யவே தேவையிருக்காது, எதுவுமே வாங்க முடியாவிட்டால் வெறுப்புதான் வரும். கொடுக்கும் கிழமையை மாற்றாதீர்கள். தீர்ந்துவிட்டது, அடுத்த வாரத்துக் காசை இப்போதே கொடு என்றால் கிடையாது.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே சஞ்சாயிகா என்று மாணவர் சேமிப்பு வங்கி ஒன்று இருந்தது, நாற்பது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளே கணக்கர், பிள்ளைகளே காசாளர், ஒரு ரூபாய் கட்டினாலும் பாஸ்புக்கில் ஏறும். வரவு, பற்று, இருப்பு என்ற மூன்று பத்திகளையும் நான் முதலில் பார்த்தது அதில்தான். அக்டோபர் 30 உலக சிக்கன நாளுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பதோடு இப்போது முடிந்துவிடுகிறது. பரிசு வாங்கும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் சிக்கனத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட ஒரு ரூபாயைக் கட்டிப் பாஸ்புக்கில் பார்ப்பது அந்த வயதுக்கு எவ்வளவோ மேல். அதை விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சப் போஸ்ட்மாஸ்டர் (ஓய்வு):

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், கார் போக மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் இருக்குமே, அதற்கு அது சரி.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாய் இருந்தால் தொடங்கலாம். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கித் தானே நடத்தலாம், உங்கள் பையனுக்கு ஏழு என்பதால் இப்போதைக்குப் பெற்றோரில் ஒருவர் காப்பாளராக இருந்து தொடங்க வேண்டும். அதற்கப்புறம் பத்து ரூபாய்கூடக் கட்டலாம், எடுப்பதானால் குறைந்தது 50. கணக்கில் எப்போதும் 500 இருக்க வேண்டும், நிதியாண்டு முடியும்போது அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அந்த 500-ஐத் தொட முடியாது என்பதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தன் காசை யாரோ வைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பான். வங்கி என்றால், பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கணக்கு நடத்த அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு வரை, ஏடிஎம் அட்டை கொடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தந்த வங்கியின் முடிவு.

வட்டி 4 சதவீதம். இரண்டாயிரம் ரூபாயை ஒரு வருஷம் வைத்தால் 80 ரூபாய் வரும். மாதத்தில் 10-ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் கணக்கில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி, ஆகவே கட்டுவதைப் பத்தாம் தேதிக்குள் கட்டுங்கள், எடுப்பதை மாதம் பிறந்ததும் எடுங்கள். அவனைக் கவுன்டருக்குக் கூட்டிப் போய்ச் சீட்டை அவனே எழுதட்டும். கவுன்டர் உயரத்துக்கு எட்டாத பிள்ளைகள் எத்தனையோ பேர் குதிகாலைத் தூக்கிக்கொண்டு முத்திரை விழுவதை எட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்த முத்திரைதான் அவர்களுக்கு முக்கியம். முக்கியமாக இன்னொன்று: போட்ட காசை ஒரு தடவையாவது அவனுக்காகத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள். போட்டால் திரும்ப வரும் என்று கண்ணால் பார்க்காத பிள்ளைக்குப் போஸ்ட் ஆபீஸும் "பத்திரமா வச்சிருக்கேன்" சொல்லும் அம்மாவும் ஒன்றுதான்.

பிள்ளைகள் பெயரில் நீண்ட காலத்துக்குப் பணம் போடும் செல்வமகள் திட்டம், பொன்மகன் திட்டம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டுமே 2015-இல் வந்தவை, நல்லவை. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு வருஷம் 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை செல்வமகளில் போடலாம், 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை, அல்லது பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை, கைவைக்க முடியாது. ஆண் பிள்ளைக்கான பொன்மகன் பதினைந்து வருஷம். அது பெற்றோர் பிள்ளைக்காகச் சேர்ப்பது, உங்கள் சம்பளத்திலிருந்து போடுங்கள். ஏழு வயதுப் பையனுக்கு இருபத்திரண்டு வயதில் கிடைக்கப்போகும் பணம் அவன் கண்ணுக்குக் காணாமல் போன பணம்தான், உண்டியல் காசை எடுத்து அதில் போட்டுவிடாதீர்கள்.

உண்டியலில் பத்து ரூபாய்க் காசு நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். கடைகளிலும் பஸ்ஸிலும் வாங்க மாட்டேன் என்பார்கள், பிள்ளைக்கு அது பெரிய அடி, தன் காசு செல்லாத காசு என்று நினைத்துவிடும். அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. தாராளமாகக் கணக்கில் கட்டலாம். நோட்டுகளை மட்டும் வருஷக்கணக்கில் உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். 2016 நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்று ஆனபோது டிசம்பர் 30 வரைதான் வங்கியிலும் அஞ்சலகத்திலும் கட்ட முடிந்தது. பிள்ளை உண்டியலில் பாட்டி போட்ட ஐநூறு ரூபாய் இருப்பதை மறந்துவிட்டு, பொங்கலுக்கு உடைத்தபோது பார்த்தோம் சார் என்று ஜனவரியில் வந்து நின்றவர்கள் இருந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் வீட்டில் வாராவாரம் எண்ணுகிறார்கள் என்பதால் இந்தக் கவலை இல்லை.

எட்டயபுரம் பக்கம்:

அக்கா, எங்கள் ஊரில் இதற்கு வேறு ஒரு வழி உண்டு, டவுனில் அப்படியே செய்ய முடியாது என்றாலும் சொல்கிறேன். பிள்ளைக்கு ஆறேழு வயதானதும் ஒரு விடைக்கோழியை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழியைக் காட்டி இது உன் கோழி என்று சொல்லிவிடுவோம். என் மகளுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். அது முட்டையிட்டால் அவள் முட்டை, அடைவைத்துக் குஞ்சு பொரித்தால் அவள் குஞ்சு. நாட்டுக்கோழி முட்டை எங்கள் பக்கம் 15 ரூபாய்க்குப் போகிறது, தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கேட்டு வந்து வாங்குவார்கள். முதல் ஈட்டு முட்டை முழுவதையும் விற்றாள். அடுத்த ஈட்டில் அவள் ஆச்சி, பத்து முட்டையை அடைவை, 21 நாளில் குஞ்சு வரும், வளர்த்து விற்றால் எவ்வளவு என்று பார் என்றார்கள். விற்றால் இப்போதே 150 ரூபாய், அடைவைத்தால் எத்தனை பொரிக்கும் என்றே தெரியாது. அவள் திண்ணையில் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள், நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஏழு முட்டையை அடைவைத்து மூன்றை விற்றாள்.

ஐந்து பொரித்தது. ஒன்றைப் பருந்து தூக்கியது. இரண்டு வெள்ளைக்கழிச்சல் நோயில் போனது. அழுதாள். புதுக் குஞ்சு வாங்கித் தரட்டுமா என்று என் வீட்டம்மா கேட்டதை நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். முன்பே தடுப்பு மருந்து போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று கால்நடை மருந்தகத்தில் சொன்னதும், அடுத்த முறை அதை எப்போது போடுவார்கள் என்று அவளே கேட்டுவைத்துக்கொண்டாள். குருணையும் கம்பும் வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், தீவனச் செலவு முட்டைக் காசில் கழியும் என்று சொல்லிவிட்டோம், முட்டை விற்ற காசு எல்லாம் கையில் நிற்காது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இப்போது பத்து வயது. கோழி விற்ற காசைச் சேர்த்து, எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு என்னோடு வந்து ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி பிடித்திருக்கிறாள். விலை பேசியது நான், பல்லைப் பிடித்துப் பார்த்ததும் காசை எண்ணிக் கொடுத்ததும் அவள்.

நான் சொல்ல வருவது, தாத்தா பாட்டி கொடுத்த காசு வேறு, தான் வளர்த்து விற்ற காசு வேறு. முதலில் சொன்னதை என் மகள் பொட்டு, வளையல் என்று யோசிக்காமல் செலவு செய்வாள். கோழிக் காசிலிருந்து பத்து ரூபாய் எடுக்க இரண்டு நாள் யோசிப்பாள். உங்கள் பையனுக்குக் கோழி வேண்டாம், மொட்டை மாடியில் நாலு தொட்டியில் கீரையோ புதினாவோ போட்டுப் பக்கத்து ஃபிளாட்டில் விற்கட்டும். விதைக்கும் உரத்துக்கும் அவன் உண்டியலிலிருந்தே போடட்டும்.

இரண்டு பெண்களின் அப்பா:

எல்லாரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியில் ஒன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை: வீட்டு வேலைக்குக் காசு. தயவுசெய்து கொடுக்காதீர்கள் மேடம். துணி மடிப்பதும் தட்டு கழுவுவதும் அந்த வீட்டில் சாப்பிடுகிறவன் செய்ய வேண்டியது. அதற்கு விலை வைத்துவிட்டால், ஒருநாள் உங்களுக்குக் காய்ச்சல் என்று படுத்திருக்கும்போது தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் எவ்வளவு தருவீர்கள் என்ற கேள்வி வரும், அப்படிக் கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது காசு கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை என்றால் அது வேறு விஷயம். கார் கழுவுவது, பழைய பேப்பரைக் கட்டி எடைக்குப் போடுவது, இதற்கெல்லாம் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் பழைய பேப்பர் காசு முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான், தராசைப் பார்ப்பதும் விலை கேட்பதும் அவர்கள் வேலை.

வட்டி பற்றி அஞ்சலக ஐயா சொன்னார். ஏழு வயதில் வருஷம் என்பது ரொம்பத் தூரம், எண்பது ரூபாய்க்காக அடுத்த மார்ச் 31 வரை காத்திரு என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. நான் வீட்டிலேயே ஒரு வட்டி போட்டேன். மாதக் கடைசியில் டப்பாவில் முழு நூறாக எத்தனை இருக்கிறதோ நூற்றுக்கு ஒரு ரூபாய். சின்னவள் முதல் மாதம் 490 வைத்திருந்தாள், நாலு ரூபாய்தான் கிடைத்தது. இன்னும் பத்து ரூபாய் இருந்திருந்தால் ஐந்து கிடைத்திருக்குமே என்று அன்று முழுக்கப் புலம்பினாள், அடுத்த மாதம் பஞ்சு மிட்டாய்க்காரர் மணி அடித்தும் வெளியே வரவில்லை. பெரியவர்கள் கடன் வாங்கினாலும் அதே ஒரு வட்டிதான். அவசரத்துக்கு உண்டியலில் எடுப்பது எங்கள் வீட்டில் அன்றோடு நின்றுபோனது. உங்கள் பையன் பெரியவனாகித் தொகை கூடினால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது, ஐயாயிரம் தாண்டியதும் மிச்சத்தைக் கணக்கில் போட்டுவிடலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

நாத்தனார் பயப்படுவதும் புரிகிறது. பிள்ளை எதற்கெடுத்தாலும் விலை கேட்க ஆரம்பித்துவிடும் என்பதுதானே பயம்? கேட்கும், சில மாதம் கேட்கத்தான் செய்யும். விருந்தாளி கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸ் எவ்வளவு என்று அவர்கள் முன்னாலேயே கேட்பாள் என் பெரியவள். விலையைப் பற்றி நம் வீட்டுக்குள் பேசலாம், வந்தவர்கள் முன்னால் கேட்கக்கூடாது என்று சொன்னோம், புரிந்துகொண்டாள். காசைப் பற்றிப் பேசாமலே வளர்த்தால் பிள்ளை ஃபோன் விளையாட்டில்தான் முதன்முதலாகச் செலவு செய்யும், அங்கே வைரம், நாணயம் என்று எதற்கோ நிஜப் பணம் போவது அதற்குத் தெரியவே தெரியாது. ஃபோனில் வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள், யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளை பார்க்க அழுத்தாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் அக்கா. எங்கட பக்கம் சித்திரை வருசப் பிறப்புக்குக் கைவிசேஷம் எண்டு பெரியாக்கள் நல்ல நேரம் பார்த்து வெற்றிலையில காசு வச்சுத் தருவினம். அந்தக் காசைச் சிலவழிக்காமல் வருசம் முழுக்க வச்சிருக்க வேணும் எண்டு அம்மம்மா சொல்லுவா, நாங்களும் அதை மட்டும் தனியா ஒரு கடித உறைக்குள்ள வச்சிருப்பம். மற்றக் காசு என்ன ஆனாலும் அது அப்படியே இருக்கும். உங்கட மகனுக்கும் பொங்கல் காசில ஒரு தாளை மட்டும் அப்படித் தனியா வைக்கச் சொல்லிப் பாருங்கோ. முழுக் காசையும் சேமி எண்டால் பிள்ளை மாட்டன் எண்டுதான் சொல்லும். ஒரு தாள் எண்டால் சந்தோசமா வைக்கும்.

பீளமேடு அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாமியாருக்கும் படித்துக் காட்டினேன், கோழிக் கதையைக் கேட்டு அவருக்கு அவர் வீட்டு ஆட்டுக்குட்டி நினைவு வந்து அரை மணி நேரம் பேசினார்.

காலண்டரில் கார் வரைந்தாயிற்று. ஐந்தாவது நாள் அவனே வந்து, இந்தக் காரை வாங்கிவிட்டால் மிச்சத்தில் சைக்கிளுக்கு பெல்லும் புத்தகக் கண்காட்சிக்குக் காசும் வருமா என்று கேட்டான். இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும் என்று கூட்டிக் காட்டினேன். சரி என்று போய்விட்டான், காரை இன்னும் விடவில்லை, விட வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. வரும் சனிக்கிழமைதான் நாள். இருபது ரூபாய் வாரக் காசு ஆரம்பித்துவிட்டோம். முதல் வாரம் முழுவதையும் அன்றைக்கே பெட்டிக்கடையில் தீர்த்துவிட்டு வந்தான், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்பா கடன் சீட்டு எழுதி உள்ளே போட்டிருக்கிறார், 60 ரூபாய், ஒரு வட்டி உண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் வகுப்பில் ஒரு பையனுக்குப் பென்சில் பாக்ஸ் இல்லையாம். என் காசில் வாங்கித் தரட்டுமா என்கிறான். தாராளமாகச் செய் என்று சொல்லத்தான் மனசு சொல்கிறது. ஆனால் அந்தப் பையன் வீட்டில் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ, இவனும் காசு கொடுத்தால்தான் நட்பு என்று பழகிவிடுவானோ என்றும் இருக்கிறது.

கணக்கு டீச்சர், காரைக்குடி:

வாங்கித் தரட்டும் தங்கச்சி. விலையை அவனே விசாரிக்கட்டும், அவன் காசிலேயே வாங்கட்டும், நீங்கள் பாதி போடாதீர்கள். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கொடுக்க வேண்டாம், வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் மூலமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இப்படி வருவதைப் பீரோவில் வைத்திருந்து, தேவைப்படும் பிள்ளைக்கு நாங்களே கொடுத்துவிடுவோம், யார் கொடுத்தது என்று தெரியாது. கொடுத்தது யாரென்று தெரியக்கூடாது என்றால் உங்கள் பையன் ஒத்துக்கொள்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் திட்ட வேண்டாம், ஏழு வயதுதானே, அப்போது அவனே கையில் கொடுக்கட்டும்.

எட்டயபுரம் பக்கம்:

டீச்சர் சொல்வதுதான் சரி அக்கா. சனிக்கிழமை கார் என்ன ஆயிற்று என்று மட்டும் வந்து சொல்லுங்கள், என் மகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.